கம்ப்யூட்டர் ரேம் பழுதா? தென்னாப்பிரிக்காவில் சோதித்துப் பார்த்து சரியானதை வாங்குவது எப்படி

நீலத்திரை வந்ததும் கடைக்கு ஓடாதீர்கள், ஆன்லைனில் புது ரேமை ஆர்டர் போடவும் வேண்டாம். முதலில் பழுது ரேமில்தான் என்று உறுதி செய்யுங்கள், அப்புறம் எந்த ஸ்டிக் (ரேம் சிப்கள் உள்ள சின்னப் பலகை), எந்த ஸ்லாட் (அதைச் செருகும் இடம்) என்று பாருங்கள், கடைசியில் திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் வாங்குங்கள். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், பழுதும் அப்படியே இருக்கும். என் கம்ப்யூட்டரை டர்பனில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தபோது "மதர்போர்டு போச்சு, மாற்றணும்" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகச் சோதித்தால் இரண்டு ஸ்டிக்கில் ஒன்று மட்டும்தான் கெட்டிருந்தது. அதற்குள் பட்ட அலைச்சல் இருக்கிறதே, அது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்து டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ குடியேறியவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடை விஷயம் தெரிந்திருக்கும், அவர்கள் சோதனைப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும்.

1. அறிகுறி ரேமைத்தான் காட்டுகிறதா?

ரேம் கெட்டால் ஒரே மாதிரி பிழை வராது, அதுதான் முக்கிய அடையாளம். இன்று பிரவுசர் தானாக மூடிக்கொள்ளும், நாளை நீலத்திரையில் "மெமரி மேனேஜ்மென்ட்" என்று வரும், மறுநாள் "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா" என்று வேறொன்று வரும். டவுன்லோடு செய்த ஜிப் ஃபைல் விரிக்கும்போது கெட்டுப்போனது என்று சொல்லும், அதையே மறுபடி விரித்தால் சரியாக வரும். விண்டோஸ் இன்ஸ்டால் பாதியில் நிற்கும். டெஸ்க்டாப்பில் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது, பீப் சத்தம் மட்டும் கேட்கும். பீப் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலைப் பாருங்கள். புதிய மதர்போர்டாக இருந்தால் டிரேம் என்று எழுதிய சின்ன விளக்கு எரிந்தபடி இருக்கும்.

ஒரே ஒரு கேம் விளையாடும்போது மட்டும் நின்றால் சூட்டையும் கிராஃபிக்ஸ் கார்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். கரண்ட் போய் வந்த அன்றிலிருந்து தொல்லை என்றால் பவர் சப்ளையும் சந்தேகப் பட்டியலில் சேரும். லோட் ஷெடிங் முன்போல் இல்லை என்றாலும் சப்ஸ்டேஷன் கோளாறும் கேபிள் திருட்டும் இருக்கத்தான் செய்கின்றன. கரண்ட் திரும்பி வரும் நொடியில் எகிறும் வோல்டேஜ்தான் பொருளைத் தின்கிறது. சர்ஜ் பிளக் இல்லாவிட்டால் புது ரேமுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

2. மூடியைத் திறப்பதற்கு முன்

பேக்கப் எடுக்கச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள். கெட்ட ரேம் உள்ள மெஷினில் பேக்கப் எடுத்தால் காப்பி ஆகும்போதே ஃபைல் கெடலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால் பழைய பேக்கப்பின் மேல் எழுதாதீர்கள். அவசரத்துக்கு வேண்டியதை வேறொரு டிஸ்க்கில் தனி ஃபோல்டரில் போடுங்கள், பழையது அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் பூட்டு. இப்போது வரும் லேப்டாப்புகள் பலவற்றில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை செட்டிங்கில்) ஏதாவது மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டுக்கொண்டு நிற்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீயை இப்போதே காகிதத்தில் எழுதி வையுங்கள்.

ஆபீஸ் லேப்டாப் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு ஐடி ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். சொந்த லேப்டாப், ஆனால் சென்னையிலோ கொழும்பிலோ வாங்கியது என்றால் வாரண்டி அட்டையைப் பாருங்கள். பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும், இங்குள்ள சர்வீஸ் சென்டர் தொடவே மாட்டார்கள். சர்வதேச வாரண்டி என்று எழுதியிருந்தால் பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

3. கழற்றித் துடைத்து மாட்டுங்கள்

செலவில்லாத படி இதுதான், பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்தாலும் ஆச்சரியமில்லை. டர்பன், உம்ஷ்லாங்கா மாதிரி கடலோரத்தில் இருக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. உப்புக் காற்றும் ஈரப்பதமும் சேர்ந்து ஸ்டிக்கின் அடியில் உள்ள தங்க நிறப் பட்டைகளை மங்க வைத்துவிடும்.

ஷட்டவுன் செய்து, சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப் என்றால் பின்மூடியைக் கழற்றியதும் பேட்டரி கனெக்டரை முதலில் எடுத்துவிட வேண்டும். ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் கேஸின் பெயிண்ட் இல்லாத உலோகப் பாகத்தைத் தொடுங்கள். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் காற்று காய்ந்துபோய், கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். அந்த மாதங்களில் ஃப்ளீஸ் போர்வை, கம்பளிக்கு மேல் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

ஸ்லாட்டின் ஓரக் கொக்கிகளை விலக்கினால் ஸ்டிக் மேலே எழும்பும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், பட்டைகளை விரலால் தொடக்கூடாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, நூல் உதிராத துணியால் பட்டைகளை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பார்மசியில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கலாம். காயவிட்டு, பள்ளம் பொருந்துகிற பக்கம் பார்த்து மாட்டுங்கள். டெஸ்க்டாப்பில் நேர் கீழாக, இரண்டு ஓரமும் "டக்" என்று கொக்கி விழும் வரை அழுத்த வேண்டும், நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் பலமாகவே. லேப்டாப்பில் சாய்வாகச் செருகி, பட்டைகள் வெளியே தெரியாத அளவு உள்ளே போனதும் கீழே அமுக்குங்கள்.

4. சோதனை

முதலில் விண்டோஸோடு வரும் சோதனை. தேடும் பெட்டியில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ரீஸ்டார்ட் கொடுங்கள், ஓடத் தொடங்கியதும் எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் சோதனையைத் தேர்ந்தெடுங்கள். முடிவு லாகின் ஆனபின் ஒரு மூலையில் வந்து மறையும். தவறவிட்டால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குள் தேடலாம். இது பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்றால் நம்பக்கூடாது, பாதி கெட்ட ஸ்டிக்கை இது கண்டுபிடிக்காமல் விட்டுவிடும்.

அதனால் யூ.எஸ்.பி.யிலிருந்து ஓடும் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற சோதனை புரோகிராமையும் ஓட்டுங்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு, இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும், எதை எடுத்தாலும் சரி. யூ.எஸ்.பி.யில் எழுதும்போது அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியான ஒன்றை எடுங்கள். முடிந்தால் வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் எழுதுங்கள், சந்தேகத்தில் உள்ள மெஷினிலேயே எழுதினால் யூ.எஸ்.பி.யும் கெட்டபடி எழுதப்படலாம். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தி அந்த யூ.எஸ்.பி.யிலிருந்து பூட் செய்யுங்கள்.

டெஸ்க்டாப்பில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற பயாஸ் செட்டிங்கைப் போட்டு ரேமை வேகமாக ஓட்டுகிறீர்கள் என்றால், சோதனைக்கு முன் பயாஸில் அதை அணையுங்கள். அணைத்தபின் பிழை நின்றுவிட்டால் ஸ்டிக் கெட்டது என்று சொல்ல முடியாது. அந்த வேகம் உங்கள் பிராசஸருக்கோ மதர்போர்டுக்கோ தாங்கவில்லை என்றும் இருக்கலாம், குறிப்பாக 4 ஸ்டிக் போட்டவர்களுக்கு. ஒரு படி வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள், காசு மிச்சம்.

மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும். 16 ஜிபிக்கே பல மணி நேரம் ஆகும், ராத்திரி படுக்கும் முன் போட்டுவிடுங்கள். அன்றைக்கு உங்கள் ஏரியாவில் கரண்ட் நிறுத்தம் இருக்கிறதா என்று எஸ்காம்செபுஷ் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். லேப்டாப்பை சார்ஜரோடு வையுங்கள்.

ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "ஆயிரக்கணக்கில் இல்லையே, ஒன்றுதானே" என்று விடாதீர்கள், அந்த ஒன்று உங்கள் வரிக் கணக்கு ஃபைலில் போய் உட்காரலாம். சிவப்பு வரி தெரிந்ததும் போனில் படம் எடுங்கள், பிழை எண்ணிக்கையும் தேதியும் தெரிகிற மாதிரி. பின்னால் கடையில் பேசும்போது இந்தப் படத்துக்குத்தான் மதிப்பு.

5. எந்த ஸ்டிக், எந்த ஸ்லாட்?

எல்லா ஸ்டிக்கையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள், அப்புறம் அதே ஸ்லாட்டில் அடுத்தது. 4 ஸ்லாட் உள்ள டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவதில், அதாவது ஏ2 என்று போட்டிருப்பதில் தொடங்க வேண்டும். ஸ்டிக்கின் மேல் சின்ன டேப் ஒட்டி 1, 2 என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரியில் எது எது என்று குழம்பிவிடும்.

ஒரு ஸ்டிக்கில் மட்டும் பிழை என்றால் அதுதான் குற்றவாளி. நல்ல ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டில் போட்டதும் பிழை வந்தால் ஸ்லாட் அல்லது மதர்போர்டு. எல்லா ஸ்டிக்கிலும் எல்லா ஸ்லாட்டிலும் கண்டபடி வந்தால் புது ரேம் வாங்குவது வீண். எல்லா ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம், பவர் சப்ளை, போர்டு, பிராசஸர் பக்கம் பாருங்கள்.

இதெல்லாம் நம்மால் ஆகாது என்று கடைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலையைத் தொடங்கும் முன் எஸ்டிமேட் கொடுத்து உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். எஸ்டிமேட்டுக்கே காசு என்றால் அதையும் முதலிலேயே சொல்லி நீங்கள் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க அசெஸ்மென்ட் ஃபீ எவ்வளவு, ரிப்பேர் அங்கேயே செய்தால் கழித்துக்கொள்வார்களா என்று வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ரேம் சோதனை யூ.எஸ்.பி.யிலிருந்து ஓடுவது, அதற்கு உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டு தேவையில்லை. கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

6. லேபிளைப் படியுங்கள்

ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைக் காகிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு லேப்டாப் ஸ்டிக்கில் "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-எஸ்ஏ2" (8GB 1Rx8 PC4-3200AA-SA2) என்று இருக்கும். 8ஜிபி கொள்ளளவு. அடுத்து ரேமின் தலைமுறை: பிசி4 என்றால் டிடிஆர்4, பிசி5 என்றால் டிடிஆர்5, பிசி3எல் என்றால் குறைந்த வோல்டேஜ் டிடிஆர்3. 3200 வேகம். சில லேபிளில் வேகத்துக்குப் பதிலாக 25600 என்று பெரிய எண் இருக்கும், அதை 8ஆல் வகுத்தால் அதே 3200 வந்துவிடும்.

கடைசிக் கோட்டுக்குப் பின் வரும் முதல் எழுத்தைத்தான் பலர் பார்ப்பதில்லை. எஸ் என்றால் லேப்டாப், யு என்றால் டெஸ்க்டாப், ஆர் என்றால் சர்வர். ஆர் போட்ட டிடிஆர்4 ஸ்டிக் டெஸ்க்டாப் ஸ்லாட்டில் அளவாகவே பொருந்தும், ஆனால் சாதாரண போர்டு அதில் பூட் ஆகாது. பழைய சர்வரிலிருந்து கழற்றிய இந்த ஸ்டிக்குகள்தான் "32 ஜிபி, பாதி விலை" என்று விளம்பரத்தில் வருகின்றன. பழைய டிடிஆர்3 மெஷின் வைத்திருப்பவர்கள் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று போட்ட மலிவு ஸ்டிக்கையும் தொடாதீர்கள், இன்டெல் போர்டில் வேலை செய்யாது.

தலைமுறை மாறினால் பள்ளத்தின் இடம் மாறும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் டெஸ்க்டாப் ஸ்டிக்குக்கு 288 பின்தான், ஆனாலும் ஒன்று மற்றதில் ஏறாது. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் பிராசஸர் பெயரை மட்டும் வைத்து வாங்கக் கூடாது. அதே பிராசஸருக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஏஎம்டியில் குழப்பம் குறைவு, பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5.

லேப்டாப்பில் இன்னொன்று. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட், எந்த வகை என்று காட்டும். அங்கே வகை "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது, மாற்ற முடியாது. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் இதுதான் நிலைமை.

7. எவ்வளவு, எங்கே?

கொள்ளளவு பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிரவுசர், ஆபீஸ் வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றுக்கும் 16 ஜிபி தாராளம். 8 ஜிபி ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். ஒரே 16ஐவிட இரண்டு 8 ஸ்டிக் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், டூயல் சேனல் என்பார்கள், வேகம் கூடும். விளக்கு மின்னுகிற ஸ்டிக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது என் கணக்கில் வீண், பெரிய கூலர் வைத்திருந்தால் உயரமான ஸ்டிக் இடிக்கவும் செய்யும்.

ஒரு ஸ்டிக்தான் கெட்டது என்றால் அதற்கு ஜோடியாக வேறு கம்பெனி ஸ்டிக்கைப் போடலாமா? லேப்டாப்பில் பெரும்பாலும் ஓடும், மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு இரண்டும் இறங்கிவிடும். டெஸ்க்டாப்பில், அதுவும் டிடிஆர்5இல், ஒரே பெட்டியில் வரும் ஜோடியையே வாங்குங்கள்.

விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. குரூஷியல் பெயரில் விற்றுவந்த மைக்ரான், 2025 டிசம்பரில் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது, ஏற்கெனவே விற்றதற்கு வாரண்டி தொடரும் என்றும் சொன்னது. அதனால் ஒரே நாளில் மூன்று நான்கு இடத்தில் விலை கேட்டு ஒப்பிடுங்கள். கடைகளில் போட்டிருக்கும் விலையில் 15 சதவீத வாட் சேர்ந்திருக்க வேண்டும். மொத்த வியாபாரிகளின் பட்டியலில் மட்டும் வாட் இல்லாத விலை இருக்கும், மலிவு என்று ஏமாறாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கணக்கு இப்படி. பொருளின் மதிப்பு 1000 ராண்ட் என்றால் சுங்கத்தில் அதோடு 10 சதவீதம் சேர்த்து 1100 ஆக்கி, அதன் மேல் 15 சதவீத வாட், அதாவது 165 ராண்ட். கூரியர் கம்பெனி எடுக்கும் கிளியரிங் கட்டணம் தனி. கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் செலவு வேறு. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர் பையில் போட்டுக் கொண்டுவந்தாலும் வாரண்டி அங்கேயேதான் இருக்கும்.

மார்க்கெட்பிளேஸ் விளம்பரத்தில் பழையது வாங்குவது கடைசி வழி. தனிநபர் விற்பதற்கு நுகர்வோர் சட்டத்தின் 6 மாத வாரண்டி பொருந்தாது. "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று எழுதியிருப்பார்கள், இருக்கிறபடி எடுத்துக்கொள், பின்னால் வராதே என்று அர்த்தம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் மெம்டெஸ்ட் ஓடி முடிந்த படத்தைக் கேளுங்கள், மாலில் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள், முன்பணம் அனுப்பாதீர்கள்.

8. பில்லும் நாள் கணக்கும்

இங்கே சட்டம் வாங்குபவர் பக்கம் நன்றாகவே நிற்கிறது, கேட்கத் தெரிய வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம், 56ஆம் பிரிவு. கடையில் வாங்கிய பொருள் 6 மாதத்துக்குள் பழுதானால் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் இல்லை. "கம்பெனிக்கு அனுப்பிவிட்டுச் சொல்கிறோம்", "கிரெடிட் நோட்தான் தருவோம்" என்று சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள், பேச்சின் தொனி மாறும். அதே சமயம், பழுது இல்லாமல் "தப்பான வகை வாங்கிவிட்டேன்" என்று கடையில் போய் நின்றால் அவர்கள் மாற்றித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. லேபிளைப் படிக்கச் சொன்னது அதனால்தான்.

ஆன்லைனில் வாங்கினால் 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலேயே ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. வகை சரியா என்று சந்தேகம் உள்ளவர்கள் ஆன்லைனில் வாங்குவதே நல்லது.

டாக்ஸ் இன்வாய்ஸ் கேட்டு வாங்குங்கள். கடை ஸ்லிப் வெப்பத்தாளில் அச்சடித்தது, காருக்குள் கொஞ்ச நாள் கிடந்தால் வெள்ளைத்தாள் ஆகிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து ஈமெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கின் சீரியல் எண்ணையும் பெட்டியையும் சேர்த்து ஒரு படம். கிங்ஸ்டன், கோர்சேர் போன்றவர்களின் ரேம் பலவற்றுக்கு ஆயுட்கால வாரண்டி உண்டு. அதனால் பழைய ஸ்டிக் கெட்டது என்று தெரிந்ததும் தூக்கி எறியாமல் அதன் பில்லைத் தேடுங்கள், ஒருவேளை புதிது வாங்கவே வேண்டியிருக்காது. ஜோடியாக வாங்கியதில் ஒன்று கெட்டாலும் இரண்டையும் அனுப்பச் சொல்வார்கள், மாற்று வரும் வரை ஓட்ட ஒரு ஸ்டிக் கடன் வாங்கி வையுங்கள்.

கடை அசையாவிட்டால் முதலில் அவர்களுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், அப்புறம் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகளுக்கான ஓம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். நுகர்வோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இன்வாய்ஸ், மெம்டெஸ்ட் படம், கடையோடு பேசிய மெசேஜ்கள் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள்.

9. புதியதை மாட்டியபின்

டிடிஆர்5 மெஷினில் முதல் தடவை ஆன் செய்யும்போது திரை பல நிமிடம் கருப்பாகவே இருக்கலாம். மெமரியை அது அளந்து பழகிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி தொடங்கும், போய் டீ போட்டுக்கொண்டு வாருங்கள். வந்ததும் டாஸ்க் மேனேஜரில் முழுக் கொள்ளளவும் தெரிகிறதா என்று பாருங்கள். பாதிதான் தெரிகிறது என்றால் ஒரு ஸ்டிக் சரியாக உட்காரவில்லை.

புது ஸ்டிக்கையும் அந்த 7 நாளுக்குள் ஒரு ராத்திரி மெம்டெஸ்டில் ஓட்டுங்கள், புதியதிலும் கெட்டது வரும். பிழையில்லாமல் முடிந்தபிறகு எக்ஸ்எம்பி போடுபவர்கள் போட்டுவிட்டு மறுபடி ஒரு முறை ஓட்ட வேண்டும். அதன்பின் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) என்ற கட்டளையை ஓட்டுங்கள். கெட்ட ரேம் விண்டோஸ் ஃபைல்களில் எதையாவது சிதைத்திருந்தால் அது சரிசெய்யும். உங்கள் சொந்த ஃபைல்களை அது தொடாது. தொல்லை இருந்த நாட்களில் சேமித்த படம், கணக்கு, டாக்குமென்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், திறக்காததைப் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு அதற்கப்புறம் புது பேக்கப் எடுங்கள்.